பித்தளைத் தட்டில் போன வெற்றிலை

உங்கள் பையனுக்கு உயரத்தில் நின்றால் தலை சுற்றுமா? சும்மாதான் கேட்கிறேன். சிலருக்குச் சுற்றும். என் மகன் பொன்னம்பலத்துக்குப் பரண் மேல் ஏறினாலே வேர்த்துவிடும். பித்த உடம்பு. உள்ளே படுத்திருக்கிறான். உங்கள் பையன் அப்படி இல்லை. வண்டியிலிருந்து குதித்து இறங்கினாரே, பார்த்தேன். நல்லது. உட்காருங்கள், தம்பியும் இப்படிப் பக்கத்தில் உட்காரட்டும். சம்பந்தி என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்படியும் அப்படித்தானே கூப்பிடப் போகிறேன்?

மோர் குடியுங்கள். ஆற்றங்கரையிலிருந்து இந்தக் கரிசல் காட்டுக்கு வருவதென்றால் சும்மாவா? உங்கள் வண்டிக்காரனை எங்கள் ஆட்கள் அதட்டிவிட்டார்களாம். அவன் மேல் தப்பில்லை. தெரு முழுக்கப் பாய் விரித்துக் கறுப்பாகக் காயப் போட்டிருந்தால் வெளியூர்க்காரன் எள் என்றுதான் நினைப்பான். பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைக்கப் போனானாம். அது எள் இல்லை. திருவிழா வருகிறது, வாணத்துக்கு மருந்து. வேறொன்றும் இல்லை.

எங்கள் ஊர் மாடுகளா? ஆமாம், கழுத்தில் மணி இல்லைதான். கவனித்துவிட்டீர்களே. மணிகளைப் புளி போட்டுத் துலக்குவதற்காக அவிழ்த்திருப்பார்கள்.

பெண்ணைப் பார்க்கலாம், அவசரமில்லை. உலகம்மை தலை சீவிக்கொண்டிருப்பாள். அதற்குள் நான் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வழியில் சத்திரத்தில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால் திரும்பிப் போகும்போது சொல்வார்கள். அதனால் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் மூத்த மருமகன் விஷயம்.

நான் மாவிலிக்கோட்டை அரண்மனைக்குத் தானாபதி. அரண்மனை என்றால் எங்கள் பாளையக்காரரைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவருக்கு வாள் எடுக்கச் சேர்வைக்காரர் இருக்கிறார். வாய் திறக்க நான் இருக்கிறேன். சண்டைக்கு முன்னால் பேசப் போவதும் நான்தான், சண்டைக்குப் பின்னால் பேசப் போவதும் நான்தான். வாள் எடுத்தவனுக்குத் தழும்பு இருக்கிறது, காட்டலாம். பேசினவன் எதைக் காட்டுவான்? அதுதான் என் குறை. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தெற்கே இருக்கன்மலைக்காரர்கள் எங்கள் கண்மாய்க்கு வருகிற ஓடையை மறித்துவிட்டார்கள். படை கொண்டு போவது என்று அரண்மனையில் முடிவாகிவிட்டது. பார்த்தால் மருந்துக் கிடங்கின் கூரை ஒழுகி, இருந்த வெடிமருந்தெல்லாம் சேறு. அரண்மனை என்னைக் கூப்பிட்டது.

"வே பிள்ளை, மருந்து காயிற வரைக்கும் நீர் பேசும்."

அவ்வளவுதான் உத்தரவு. என்ன பேசுவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது தெரியாதவன் தானாபதி வேலைக்கு லாயக்கில்லை.

எங்கள் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு நடக்கும்போது, பேசப் போகிறவன் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் எதிராளி கோட்டையில் பிணையாக இருக்க வேண்டும். கஷ்டம் ஒன்றும் இல்லை. நெய்ச்சோறு, மெத்தை, காலையும் மாலையும் கோட்டைக்கு வெளியே கண்மாயில் குளியல். பொழுது சாயும்போது மட்டும் அவன் கொத்தளத்தின் மேல் ஏறி, தலைப்பாகையை அவிழ்த்துச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டுக் காட்ட வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன், பேச்சும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எல்லையில் நிற்கிற நம் ஆள் பார்த்து வந்து சொல்வான்.

பேச்சு நடக்கும்போதே படை வந்தால்? வந்தால் என்ன, பிணை பிணைதான். அது எல்லோருக்கும் தெரிந்தது.

இருக்கன்மலைக்காரர்கள் என் மகனைக் கேட்டார்கள். நீங்களே சொல்லுங்கள், ஒரே மகன், எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன், பித்த உடம்பு வேறு. கொத்தளத்தில் ஏறினால் அங்கேயே மயங்கி விழுவான். மூத்தவள் ஆவுடையாளின் புருஷன் குற்றாலம் வீட்டோடு மாப்பிள்ளை. என் வீட்டுச் சோறுதான், என் வீட்டு வேட்டிதான். சாது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாமா, அவங்க மகனைத்தானே கேட்டாங்க?" என்றான்.

"நீ எனக்கு மகன் இல்லையா?"

"இல்ல மாமா, சோத்துல உப்பு கம்மின்னு நான் சொன்னா மட்டும் வந்தேறிம்பீங்க. இப்ப மகன்கிறீங்க. எந்தக் கணக்குல போறேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாமேன்னு கேட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? நான் பொறுத்துக்கொண்டேன். மதுரையிலிருந்து வந்த நல்ல துணி ஒன்றைத் தலைப்பாகைக்கு எடுத்துக் கொடுத்தேன். நீளமான துணி. ஏன் அவ்வளவு நீளம் என்று அவன் கேட்கவில்லை.

அங்கே இருக்கன்மலைப் பாளையக்காரரான நாயக்கர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவன் உம்ம மகனா வே?"

"மகனுக்கு மேலே" என்றேன். பொய்யா அது? என் பெண்ணின் தாலி அவன் கையில் இருக்கிறது. மகனிடம் என்ன இருக்கிறது? நாயக்கர் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் பேச ஆரம்பித்தேன். சம்பந்தி, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். யார் எந்தத் திசை பார்த்து உட்காருவது என்று ஒரு நாள். ஓடைக்குப் பெயர் என்ன என்று ஒரு நாள். அவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், நாங்கள் ஒரு பெயர் சொல்வோம். மறுநாள் எனக்குப் பல் வலி. அதற்கு மறுநாள் அஷ்டமி. நாயக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பிள்ளைவாள், உம்ம வாயில ஒரு மடை வச்சா எங்க ஊருக்கு ஓடையே வேண்டாம் வே!"

எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலமும் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் அங்கே பேசப் பேச, இங்கே தெருவில் மருந்து காய்ந்துகொண்டிருந்தது. பாயில் விரித்துப் பெண்கள் கை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஆவுடையாளும்தான் கிளறினாள். கோவில் நந்தவனத்தில் மூங்கில் வெட்டி ஏணி கட்டினார்கள். ராத்திரியில் சத்தம் கேட்கக்கூடாதே என்று, படைக்குச் சோறு சுமக்கிற மாடுகளுக்குக் கழுத்து மணியை அவிழ்த்தார்கள்.

ஆமாம். மணியை அவிழ்ப்பது அதற்கும்தான். எல்லாவற்றுக்கும் அவிழ்ப்பதுதான். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஏணி எவ்வளவு நீளம் கட்டுவது? சேர்வைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இருக்கன்மலைச் சுவரின் உயரம் யாருக்குத் தெரியும்? நான் சொன்னேன், அந்தத் தலைப்பாகையின் நீளம் எனக்குத் தெரியும் என்று. கொத்தளத்திலிருந்து அது சுவரில் எந்த வரிசைக் கல் வரைக்கும் தொங்குகிறது என்று நம் ஆள் பார்த்து வந்தான். மீதிக் கல் வரிசையை எண்ணிக்கொண்டால் முடிந்தது. எதிராளி தன் சுவரைத் தானே நமக்கு அளந்து காட்டுகிறான். அதற்கு அவன் நெய்ச்சோறு வேறு போடுகிறான்! இந்த யோசனை யாருடையது? என்னுடையது. ஊரில் கேட்டால் சேர்வைக்காரர் ஏணி கட்டி ஜெயித்தார் என்பார்கள்.

அவனை அப்படியே விட்டுவிடுவதாக நான் நினைக்கவில்லை. அதைத்தான் யாரும் புரிந்துகொள்வதில்லை. அவன் கிளம்பும் முன்னாலேயே ஏற்பாடு பேசியாகிவிட்டது. ஆவுடையாளும் பக்கத்தில் நின்றாள். பேசப் போகும்போது நான் வெற்றிலைத் தட்டு கொண்டுபோவேன். பித்தளைத் தட்டு வந்தால் பேச்சு நடக்கிறது, இரு. வெள்ளித் தட்டு வந்தால் பேச்சு முடிந்தது, இருட்டுவதற்குள் கிளம்பிவிடு. சாயங்காலக் குளியலுக்குப் போ, கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவன் மாதிரி நம் ஆள் இருப்பான், குதிரை புதர் மறைவில் நிற்கும். இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

மருந்து காய்ந்தது. அரண்மனையில் படைக்கு நாள் குறித்தார்கள். "வே பிள்ளை, நாளை ராத்திரி படை கிளம்புது. போய் உம்ம மருமகனை வெளியே எடுத்துப் போடும். பையன் நமக்கு உபகாரம் பண்ணியிருக்கான்" என்றார். அரண்மனை அப்படிச் சொன்னது உண்மைதான். இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் ஆவுடையாள் வெள்ளித் தட்டைத் துலக்கி, கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து அடுக்கி, வாசல்வரைக்கும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சிரித்தாள்கூட. "அப்பா, கையிலேயே வச்சுக்கோங்க. பையில வைக்காதீங்க. அவுக பார்க்கணும்" என்றாள்.

அந்தத் தட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி சீராகக் கொண்டுவந்தது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், தட்டு இருக்கிறது. விளிம்பில் அன்னம் செதுக்கியிருக்கும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் தாங்கும். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலை கொண்டுபோன தட்டை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். அடுத்த தடவை போகும்போதுதான் திருப்பிக் கொடுப்பார்கள். சரி, அடுத்த தடவை ஏது? ராத்திரி படை போகப் போகிறது. கோட்டைக்குள் புகுந்த பிறகு நம் ஆட்கள் கையில் கிடைத்ததை எடுப்பார்கள். என் தட்டு எவன் வீட்டு அடுப்பங்கரைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

தெரு திரும்பினதும் வண்டியை நிறுத்தினேன். பையில் மாற்றுக்கு இன்னொரு பித்தளைத் தட்டு இருந்தது. அது எப்போதும் இருக்கும். வெற்றிலையை அதற்கு மாற்றிவிட்டு, வெள்ளித் தட்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். தட்டுக்காக மட்டும் இல்லை, சம்பந்தி. யோசித்துப் பாருங்கள். அவன் சாயங்காலம் ஓடிப்போனால் நாயக்கருக்குச் சந்தேகம் வராதா? கோட்டை விழித்துக்கொள்ளாதா? அத்தனை நாள் பேசின பேச்சு வீணாகாதா? இது எனக்கு வண்டியிலேயே தோன்றியது. தட்டை மாற்றினதற்குக் கொஞ்சம் பிறகு தோன்றியது, ஆனால் தோன்றியது.

நாயக்கர் முன்னால் தட்டை வைத்தேன். குற்றாலம் ஓரமாக நின்றான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா, ஆவுடை சுகமா?"

"சுகம்."

"அங்கே வெயில் எப்படி அடிக்குது?"

சாது என்றேனே, விவரம் தெரியாதவன் என்று சொல்லவில்லை. மருந்து காய்ந்துவிட்டதா என்று நாயக்கர் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா? நான் முகத்தை மாற்றாமல், "மேகமாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப சரி மாமா" என்றான். வெற்றிலை ஒன்றை எடுத்துக் காம்பு கிள்ளினான்.

அன்றைக்குச் சாயங்காலம் ரொம்ப நேரம் தலைப்பாகையைத் தொங்கவிட்டிருந்தானாம். எல்லை ஆள் வந்து சொன்னான். கண்மாய்க் கரையில் குதிரையோடு நின்றவன் இருட்டின பிறகு தனியாகத் திரும்பி வந்தான்.

படை போனது. ஏணிகள் அளவெடுத்தது மாதிரி பொருந்தின. ஒன்றுகூடக் குட்டை இல்லை, ஒன்றுகூட நெட்டை இல்லை. விடியும்போது கோட்டை நம் கையில். இதற்கு முன்னால் அந்தக் கோட்டை யாருக்கும் விழுந்ததில்லை தெரியுமா? முதல் ஏணி சுவரில் சாய்ந்ததுமே அவர்கள் குற்றாலத்தைக் கொத்தளத்துக்குக் கூட்டிப்போய், அந்தத் தலைப்பாகையிலேயே தொங்கவிட்டுவிட்டார்கள். வழக்கம் அதுதான். வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். துணி அறுபடவே இல்லை. நல்ல துணி, சொன்னேனே.

நம் ஆட்கள் ஏணியில் ஏறும்போது அவன் கால் அவர்கள் தலையில் இடித்ததாம். சேர்வைக்காரர்தான் அறுத்து இறக்கினார். அழுதாராம். அழுதவருக்குப் பட்டும் பரிவட்டமும் கிடைத்தன. வீட்டு ஆளைக் கொடுத்தவனுக்கு? அரண்மனை என் முகத்தைப் பார்க்காமலே, "பையனை எடுக்கச் சொன்னேனே வே" என்றது. அத்தோடு சரி. ஒரு துண்டுகூட இல்லை. சாவுக்குக் கொடுக்கிற உதிரப்பட்டி நிலத்தையும் ஆவுடையாள் பெயருக்கே எழுதிவிட்டார்கள். அவள் அதில் ஏர் வைக்க என்னை விடுவதில்லை. எருக்கு முளைத்துக் கிடக்கிறது. நெஞ்சு பொறுக்கவில்லை.

பிடிபட்ட நாயக்கரைக் கட்டி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அவனை ஏன் வே விட்டுட்டுப் போனீர்? நாங்க அவனைக் கட்டி வைக்கக்கூட இல்லையே. தெனமும் குளிக்கத் தனியாத்தானே போவான்." தோற்றவன் பேச்சு. பொழுது உச்சிக்கு வருவதற்குள் அவர் கதையும் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கொடுமை. நான் இருக்கன்மலையிலிருந்து திரும்பின அன்றைக்கே, படை கிளம்பும் முன்னால், ஆவுடையாள் என் பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். வெள்ளித் தட்டு துணி சுற்றினபடி இருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. பெற்ற தகப்பன், சம்பந்தி. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். தட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அரண்மனை ஆட்கள் வந்தால்கூட நான் பித்தளையில்தான் வெற்றிலை வைக்கிறேன். எதற்காக அந்தத் தட்டைக் காப்பாற்றினேன் என்று எனக்கே சில நாள் தோன்றும்.

அக்கம் பக்கத்து ஊர்களிலிருந்து உலகம்மையைக் கேட்டு ஒருத்தரும் வருவதில்லை. பொறாமை. இல்லாவிட்டால் உங்களைப் போல் தூரத்திலிருந்து ஆள் வரும் வரைக்கும் காத்திருப்பேனா? பெண்ணுக்கு என்ன குறை? பார்க்கத்தானே போகிறீர்கள்.

கல்யாணத்தை இந்த வளர்பிறையிலேயே முடித்துவிடலாம். ஆடம்பரம் வேண்டாம். தம்பி இங்கேயே தங்கிவிடட்டும், வீட்டோடு மாப்பிள்ளையாக. மகன் மாதிரி வைத்துக்கொள்கிறேன். அவசரம் எனக்கு இல்லை, அரண்மனைக்குத்தான். வடக்கே மேய்ச்சல் காடு ஒன்றில் தகராறு. மறுபடியும் பேச்சு ஆரம்பிக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டார்கள்? சேர்வைக்காரரையா? என்னைத்தான். பட்டு மட்டும் அவருக்கு, வேலை எனக்கு. வடக்கே இருப்பவர்கள் நல்ல மாதிரி. அந்தக் கோட்டையில் கொத்தளம் இதைவிட உயரம், மேலே நின்றால் பத்து ஊர் தெரியும் என்கிறார்கள். சின்ன வயதில் இப்படி நாலு இடம் பார்த்தால்தானே தம்பிக்கும் நல்லது?

மோர் அப்படியே இருக்கிறது.

உலகம்மை! வெற்றிலை கொண்டுவா, சம்பந்தி எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்! உள்ளே அக்காளும் தங்கையும் குசுகுசுவென்று என்னவோ பேசிக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகள் அப்படித்தான். பித்தளைத் தட்டு அந்த மாடத்தில் இருக்கிறது பார், உலகம்மை, அதையே…

நீயா? உன்னை யார் வரச் சொன்னது? சம்பந்தி, தப்பாக நினைக்காதீர்கள், இவள்தான் மூத்தவள் ஆவுடையாள். நல்ல காரியம் பேசும்போது தாலி அறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்று இவளுக்குத் தெரியாதது இல்லை. இரண்டு வருஷமாக நிலைப்படி தாண்டாதவள்…

அடடா. பார்த்தீர்களா? வெள்ளித் தட்டு! பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டாள்! துலக்கிக்கூட வைத்திருக்கிறாளே, அன்னமெல்லாம் எப்படி மின்னுகிறது பாருங்கள். உங்களுக்கு இருக்கிற மரியாதை, சம்பந்தி. அரண்மனை ஆளுக்குக்கூட எடுத்ததில்லை. என் பெண்ணுக்கு மனசு இறங்கிவிட்டது. நேராகத் தம்பி முன்னால் கொண்டுபோய் நீட்டுகிறாள். எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, கொழுந்து வெற்றிலை.

என்ன தம்பி, வெற்றிலையை எடுக்காமல் தட்டையே பார்க்கிறீர்கள்?

சம்பந்தி, எங்கே எழுந்துவிட்டீர்கள்? சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது. பெண்ணைப் பார்க்க வேண்டாமா? தம்பி, வண்டியில் மாட்டைப் பூட்டாதீர்கள், வெயிலில் வந்த மாடு, கொஞ்சம் நிற்கட்டும். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? இருட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறதே!

போகிறார்கள். செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். என்ன மனிதர்கள்.

ஆவுடை, வாசலில் நிற்காதே. தட்டை உள்ளே கொண்டுபோய் வை. தெருவில் மருந்துத் தூசி பறக்கிறது, வெள்ளி கறுத்துவிடும்.